மலத்தோடு ரத்தம்: மூலம் என்று முடிவு கட்டும் முன்

மலம் கழிக்கும்போது ரத்தம் தெரிந்தால் நம் ஊரில் பலரும் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: உடம்புச் சூடு, இல்லாவிட்டால் மூலம். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோர் என்று வீட்டில் தொடங்கி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு, சுவர் விளம்பரத்தில் பார்த்த 'மூலம், பவுத்திரம்' கிளினிக் என்று மாதங்கள் ஓடிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையிலேயே மூலமாகவோ, ஆசனவாய்த் தோல் கிழியும் வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் தொடக்கத்தில் இதே மாதிரிதான் வரும். வலி இருக்காது, கொஞ்சம் ரத்தம் மட்டும். விரல் விட்டுத் தொட்டுப் பார்க்காமல், கருவி வைத்துப் பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எவ்வளவு அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு மூலத்துக்கு மாத்திரை எழுதித் தருவது பரிசோதனை ஆகாது.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. அதன் கடைசிப் பகுதியான மலக்குடல் 12 முதல் 15 செ.மீ. அதற்கும் கீழே ஆசனவாய்க் குழாய், ஏறக்குறைய 4 செ.மீ. இந்தக் குழாயின் உட்புறத்தில் நெளிநெளியாக ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். சிறு கீறலும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். கோட்டுக்கு மேலே குடல் சவ்வு. அங்கே கிள்ளினாலும் வெட்டினாலும் தோலில் வலிப்பது போல் வலிக்காது. உள்மூலம் வலிக்காமல் ரத்தம் கொட்டுவதும், வெடிப்பு துளி ரத்தத்தோடு துடிக்க வைப்பதும், மலக்குடல் புற்றுநோய் வளர்ந்த பிறகும் பலருக்கு வலி தெரியாமல் இருப்பதும் இந்தக் கோட்டால்தான். 'வலிக்கவே இல்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது' என்ற நினைப்பு இந்த இடத்தில் முழுக்கத் தவறு.

ரத்தம் எப்படி வருகிறது என்பதில் துப்பு உண்டு. மலம் கழித்து முடித்த பின் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால் மூலத்துக்கு வாய்ப்பு அதிகம். கண்ணாடித் துண்டு கிழிப்பது போன்ற வலி, பிறகு ஓரிரு மணி நேரம் எரிச்சல், மலத்தின் மேல் கோடாக ரத்தம் என்றால் வெடிப்பு. மலத்தோடு கலந்த ரத்தம், சளியோடு ரத்தம், போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற உணர்வு, சில வாரங்களாகவே மலப்பழக்கம் மாறியிருப்பது ஆகியவை புற்றுநோயையோ குடல் அழற்சியையோ தேடச் சொல்லும் அறிகுறிகள். தார் போலக் கறுத்து, நாற்றத்தோடு போனால் ரத்தம் பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத ரத்தம்தான் அதிகம் ஏமாற்றும். வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்தால், மலம் அங்கே இன்னும் நீர்த்தே இருப்பதால் அடைப்பு வராது, ரத்தமும் மலத்தோடு கலந்து மறைந்துவிடும். தெரிவதெல்லாம் களைப்பும் மூச்சு வாங்குவதும்தான். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் காரணம் தெரியாமல் இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை வந்தால், சத்து மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கும்

இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். பெண்கள் பெண் டாக்டரையோ, உடன் ஒரு நர்ஸையோ கேட்கலாம். அது அவர்கள் உரிமை. முதலில் வெளியே பார்ப்பது: புட்டத்தை மெல்லப் பிரித்தாலே வெடிப்பும், பவுத்திரத்தின் வெளித்துளையும், வெளிமூலமும் தெரிந்துவிடும். வெடிப்பு கண்ணில் பட்டால் நல்ல டாக்டர் அங்கேயே நிறுத்திவிடுவார். அந்த நிலையில் விரல் விடுவது சித்திரவதை. வலி தணிந்ததும் சில வாரம் கழித்தோ, மயக்க மருந்து கொடுத்தோ மீதியைப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு, ஜெல்லி தடவிய விரலை ஆசனவாயில் வைத்து சில நொடி பொறுத்து, தசை தளர்ந்ததும் உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் லேசாக முக்கினால் தசை இளகும், வலி குறையும். விரல் 7, 8 செ.மீ. வரை எட்டும். மலக்குடலின் கீழ்ப்பாதிக் கட்டி கல் போலவோ விளிம்பு தடித்த புண்ணாகவோ தட்டுப்படும். வெளியே எடுத்த கையுறையில் ரத்தமும் சளியும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உள்மூலம் மெத்தென்று இருப்பதால் விரலுக்கு அகப்படாது. அதை உறுதி செய்ய புரோக்டோஸ்கோப் என்ற குட்டைக் குழாய் வேண்டும். அப்படியானால் விரல் எதற்கு? மூலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். கீழே மூலம் தெரிந்தது என்பதற்காக மேலே பார்க்காமல் விடக் கூடாது.

ரத்தம் தெரிந்தவர்களில் 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருப்பவர்கள், எடை குறைந்தவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், மூலத்துக்கு வைத்தியம் பார்த்தும் ரத்தம் நிற்காதவர்கள் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி தேவை, அதாவது கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. வயது குறைவு என்பதை மட்டும் வைத்துத் தள்ளிப் போட வேண்டாம். இந்தியாவில் இந்த நோய் வருபவர்களில் இளைஞர்களின் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம்.

கொலோனோஸ்கோபியின் வெற்றி பாதிக்கு மேல் நோயாளியின் கையில் இருக்கிறது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, 5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், மலத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஒரு வாரம் முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டும், அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் அப்பவைக்கும். இரண்டு நாள் முன்பிருந்து கீரை, தக்காளி, கொய்யா, மாதுளை, முழுப்பயறு வேண்டாம். இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் போதும். முதல் நாள் இளநீர், வடிகட்டிய மோர், வடிகட்டிய சூப். சிவப்பு நிறப் பானம் மட்டும் வேண்டாம், உள்ளே ரத்தம் போலவே தெரியும். பேதி மருந்து பெரும்பாலும் 2 முதல் 4 லிட்டர் நீரில் கரைக்கும் பவுடர். முழுவதையும் முதல் நாள் மாலையே குடித்து முடிப்பதைவிட, பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. கடைசியாகப் போவது சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சளாக இருந்தால் தயார் என்று அர்த்தம். கலங்கலாக இருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் வெளியேறாமல் நின்றிருந்தால் அது குடல் அடைப்பு. அப்போது பேதி மருந்தோ விளக்கெண்ணெயோ குடித்தால் குடல் வெடித்துவிடலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் ஒன்றைப் பாருங்கள்: கருவி பெருங்குடலின் தொடக்கம் வரை போனது என்றும், குடல்வாலின் வாயைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறதா? அது இல்லாவிட்டால் வலப்பக்கம் பார்க்கப்படாமல் விட்டிருக்கலாம். பாலிப் இருந்தால் அப்போதே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிடுவார்கள். பெரும்பாலான குடல் புற்றுநோய் பாலிப்பிலிருந்து பல ஆண்டுகளில் மெதுவாகத்தான் உருவாகிறது என்பதால், பாலிப்பை எடுப்பது நோய் வருமுன்பே அதைத் தடுப்பதாகும். எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரை ரத்தம் வரக்கூடும். குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கும் குறைவு. பரிசோதனைக்குப் பின் வயிற்று வலி கூடிக்கொண்டே போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மூலம், வெடிப்பு, பவுத்திரம்

மூலம் என்று உறுதியானால் பயப்பட ஒன்றுமில்லை, அவசரமும் இல்லை. அதை நான்கு நிலையாகப் பிரிப்பார்கள்: ரத்தம் மட்டும் வருவது, வெளியே வந்து தானே உள்ளே போவது, கையால் தள்ள வேண்டியிருப்பது, தள்ளினாலும் போகாதது. எல்லா நிலைக்கும் அடிப்படை நார்ச்சத்துதான், நாளுக்கு 25 முதல் 30 கிராம். இஸப்கோல் சாப்பிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால் மலம் இன்னும் கெட்டியாகும். கழிப்பறைக்குள் ஃபோனோடு போய் அரைமணி நேரம் உட்காருவது மூலத்தைக் கீழே தள்ளும் வேலை. ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஓரிரு வாரத்துக்கு மேல் போட்டால் தோல் மெலிந்து புண்ணாகும்.

இதற்கு அடங்காத முதல் மூன்று நிலைகளுக்கு ரப்பர் வளையம் போடலாம். புறநோயாளியாகவே, மயக்க மருந்து இல்லாமல் செய்வது. முன்பு சொன்ன நெளிகோட்டுக்கு மேலே குடல் சவ்வைக் கவ்வி இழுத்து அதன் அடியில் வளையத்தை மாட்டுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, 5 முதல் 10 நாளில் அது தானே உதிர்ந்துவிடும். உதிரும் நாளில் கொஞ்சம் ரத்தம் வருவது சகஜம். போட்ட உடனே தாங்க முடியாத வலி என்றால் வளையம் கோட்டுக்குக் கீழே விழுந்திருக்கிறது, எடுத்துவிட வேண்டும். சில நாள் கழித்து வலி கூடி, காய்ச்சலும் வந்து, சிறுநீரும் போகாமல் நின்றால் அது இடுப்புக்குள் பரவும் கிருமித்தொற்று. அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. அன்றே ஆஸ்பத்திரி.

பெரிய மூலத்துக்கு வெட்டி எடுப்பதே நிலையான தீர்வு. முதல் ஒன்றிரண்டு வாரம் நன்றாக வலிக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெட்டும் இடங்களுக்கு நடுவே நல்ல தோல் பட்டைகளை விட்டுவைப்பது முக்கியம். விடாமல் சுற்றிலும் எடுத்துவிட்டால் ஆறும்போது ஆசனவாயே சுருங்கிவிடும். ஸ்டேப்ளர் முறையிலும் லேசரிலும் வலி குறைவு, ஆனால் மூலம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். என்ன மருந்து என்றே சொல்லாமல் போடும் 'ஒரே ஊசி' வைத்தியத்துக்குப் போகவே போகாதீர்கள். அரிக்கும் திரவம் சுற்றுத் தசையைச் சேர்த்துக் கருக்கிவிடும்.

வெடிப்பு பெரும்பாலும் நடுக்கோட்டில், பின்பக்கம் வரும். வலியால் ஆசனவாயைச் சுற்றிய உள்தசை இறுகுகிறது, இறுக்கத்தால் ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் புண் ஆறுவதில்லை. ஆகவே மருந்தின் குறி அந்தத் தசையைத் தளர்த்துவது. 2 சதவீத டில்டியாசெம் களிம்பை 6 முதல் 8 வாரம் போட வேண்டும். பலரும் வலி போன பத்தாம் நாளே நிறுத்திவிட்டு, திரும்ப வந்ததும் மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் உட்காருவதும் இதமாக இருக்கும். களிம்புக்கு ஆறாத வெடிப்புக்கு உள்தசையின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்தினால் 100 பேரில் 90 பேருக்கு மேல் ஆறிவிடும். சிலருக்குக் காற்றை அடக்க முடியாமல் போகலாம், அதனால் பிரசவத்தில் தசை கிழிந்த பெண்களுக்கு இதைத் தவிர்ப்பார்கள். வெடிப்பு பக்கவாட்டில் இருந்தாலோ பல இடத்தில் இருந்தாலோ காசநோய், க்ரோன் நோய் (ஒருவகைக் குடல் அழற்சி), எச்ஐவி, புற்றுநோய் எல்லாவற்றையும் தேட வேண்டும்.

பவுத்திரம் எலி வளை மாதிரி. ஒரு வாய் ஆசனவாய்க்கு உள்ளே, இன்னொன்று வெளித்தோலில். உள்ளே இருக்கும் சிறு சுரப்பி அடைத்துச் சீழ் பிடிப்பதில் தொடங்குகிறது. சீழ்க்கட்டியை ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அமுக்க முடியாது, கீறி வடிக்க வேண்டும். வடித்த பின்னும் மூன்றில் ஒரு பங்கினருக்காவது வளை மிஞ்சும். வெளித்துளையை மட்டும் மூடினால் திரும்பத் திரும்பச் சீழ் வைக்கும். வளை எவ்வளவு தசையைத் துளைத்துப் போகிறது என்பதுதான் கேள்வி. கொஞ்சம் தசை என்றால் வளையைத் திறந்து விட்டுவிடலாம். அதிகத் தசையை வெட்டினால் மலத்தை அடக்கும் சக்தி போய்விடும். அதனால் சிக்கலான வளைக்கு முதலில் எம்ஆர்ஐ எடுத்துப் பாதையைத் தெரிந்துகொள்வார்கள். பிறகு நூல் கட்டி மெதுவாகச் சீழை வடிய விடுவது, தசைகளுக்கு நடுவே வளையைக் கட்டித் துண்டிப்பது போன்ற தசை காக்கும் முறைகள். சித்த, ஆயுர்வேத மருத்துவத்தின் காரநூல் முறையும் பவுத்திரத்தில் ஆராயப்பட்டது. ஆற நாள் அதிகம் பிடிக்கும், முறையாகப் பயின்றவரிடம்தான் செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பவுத்திரத்தில் வெட்டி எடுத்த சதையைக் காசநோய்க்கு அனுப்பிப் பார்ப்பது நம் நாட்டில் கட்டாயம்.

கட்டி என்று தெரிந்தால்

கொலோனோஸ்கோபியில் கட்டி தெரிந்தால் விளிம்பிலிருந்து ஆறு, எட்டுத் துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு மட்டும் எடுத்து 'புற்றுநோய் இல்லை' என்று வந்தால் நம்பிவிட முடியாது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் வரும் காசநோய், ஸ்கேனில் அப்படியே புற்றுநோய் போலத் தெரியும். பயாப்சி முடிவு இல்லாமல் எதற்கும் இறங்கக் கூடாது. சிஇஏ ரத்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்க உதவாது. அது நார்மலாக இருந்தும் புற்றுநோய் இருக்கலாம், அதன் உபயோகம் சிகிச்சைக்குப் பின் கண்காணிப்பதில்தான்.

பெருங்குடல் புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவாதிருந்தால் பொதுவாக முதலில் ஆபரேஷன். கட்டிக்கு இருபுறமும் சில செ.மீ. நல்ல குடலையும், அந்தப் பகுதிக்கு ரத்தம் தரும் குழாயை அடியோடும், நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்து, இரு முனையையும் இணைப்பார்கள். குறைந்தது 12 கணுக்களைப் பார்த்திருந்தால்தான் 'கணுவில் பரவவில்லை' என்ற ரிப்போர்ட் நம்பத்தக்கது. கீமோ வேண்டுமா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும்.

மலக்குடல் புற்றுநோயில் வரிசை மாறும். இடுப்பெலும்புக்குள் இடம் குறுகல், பக்கத்திலேயே சிறுநீர்ப்பையும், ஆணுறுப்பு விறைப்புக்கான நரம்புகளும். முதலில் இடுப்பு எம்ஆர்ஐ. மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலமும், அதை மூடிய மெல்லிய உறையும் இருக்கின்றன. கட்டி அந்த உறையிலிருந்து 1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் நேரே ஆபரேஷன் செய்வது ஆபத்து, நோய் மிச்சமாகிவிடும். இவர்களுக்கும் கணுக்களில் பரவியவர்களுக்கும் முதலில் கதிர்வீச்சும் கீமோவும். அது ஐந்து நாளிலோ ஐந்து வாரங்களுக்கு மேலாகவோ கொடுக்கப்படலாம், பிறகு சில வாரம் காத்திருந்து ஆபரேஷன்.

அந்த உறையை உடைக்காமல், கொழுப்பையும் கணுக்களையும் மலக்குடலோடு ஒரே பொட்டலமாகக் கண்ணால் பார்த்து வெட்டி எடுப்பதை 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட் எழுதினார். அதற்கு முன் பல இடங்களில் கையை விட்டுப் பிய்த்து எடுப்பதே வழக்கம். உறை கிழிந்து துணுக்குகள் உள்ளே தங்கி, நோய் அதே இடத்தில் திரும்பும். இந்த முறை பரவியபின் அது வெகுவாகக் குறைந்தது. லேப்ராஸ்கோப்பா ரோபோவா என்று கேட்பதைவிட, அறுவை மருத்துவர் மலக்குடல் ஆபரேஷன் அடிக்கடி செய்பவரா என்று கேட்பதுதான் முக்கியம்.

கதிர்வீச்சு, கீமோவிலேயே கட்டி முழுக்க மறைந்துவிடுவதும் உண்டு. அவர்களை ஆபரேஷன் இல்லாமல் நெருக்கமாகக் கண்காணிக்கும் முறையைப் பிரேசிலின் அஞ்செலிதா ஹபர்-காமா குழு முன்வைத்தது. சில மாதத்துக்கு ஒருமுறை விரல், ஸ்கோப், எம்ஆர்ஐ என்று தவறாமல் வருபவர்களுக்கே இது பொருந்தும். பயாப்சித் துண்டில் டிஎன்ஏ பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவை இல்லாத சிறுபான்மையினருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மட்டுமே கட்டியைக் கரைக்கலாம். நியூயார்க்கில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது.

பை வைப்பார்களா?

எல்லோரும் முதலில் கேட்பது, வயிற்றில் குடலைத் திறந்து மலம் சேர ஒட்டும் இந்தப் பையைப் பற்றித்தான். கட்டி மலத்தை அடக்கும் சுருக்குத் தசையையே பிடித்திருந்தால் ஆசனவாயையும் எடுக்க வேண்டும், பை நிரந்தரம். அதற்கு மேலே இருந்தால் பெரும்பாலும் குடலை இணைத்துவிட முடியும். ஆனால் தாழ்வான இணைப்பு ஆற நேரம் வேண்டும் என்பதால் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து தற்காலிகப் பை வைப்பார்கள். சில மாதம் கழித்து, இணைப்பு ஆறியதை உறுதி செய்துகொண்டு மூடிவிடலாம்.

பை வைக்கும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே குறிக்க வேண்டும்: உட்கார வைத்து, நிற்க வைத்து, குனியச் சொல்லி, வேட்டியோ புடவையோ கட்டும் இடத்தையும் தோல் மடிப்பையும் தவிர்த்து, நோயாளியே கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில். குடல்முனை சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது. கறுத்தால் அவசரம். பையின் துளை குடல்முனையைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். அதிகம் விட்டால் சிறுகுடல் நீர் பட்டுத் தோல் வெந்துபோகும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்தால் எடை இழுத்துப் பிய்ந்து வராது. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடம்பில் உப்பு வற்றும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அப்போது வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பது இன்னும் கெடுதல், ஓஆர்எஸ் குடிக்க வேண்டும்.

இந்த ஆபரேஷனில் அதிகம் பயப்பட வேண்டியது இணைப்புக் கசிவு. தாழ்வான இணைப்புகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வரலாம். புகை, ஸ்டீராய்டு, சத்துக் குறைவு, ரத்த ஓட்டம் போதாமை, குடல் இழுபட்டு நிற்பது எல்லாம் காரணங்கள். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே புகையை நிறுத்துவதும், முட்டை, பருப்பு, பால் என்று புரதம் ஏற்றுவதும் நோயாளி செய்யக்கூடியவை. கசிவு பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தெரியும். காரணமில்லாமல் நாடித்துடிப்பு ஏறுவது முதல் அடையாளம், வயிற்று வலி அதற்குப் பிறகுதான் வரக்கூடும். காய்ச்சல், வயிறு உப்புதல், அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்த அளவு இறங்காமல் நிற்பது சேர்ந்தால் சிடி ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது.

பை மூடிய பின் பலருக்கு மலம் அடிக்கடி, கொத்துக் கொத்தாக, அவசரமாக வரும். மலத்தைத் தேக்கி வைக்கும் மலக்குடல் இல்லாததன் விளைவு இது, ஆபரேஷன் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். நார்ச்சத்து, பேதியை அடக்கும் லோப்பரமைட் மாத்திரை, இடுப்புத் தசைப் பயிற்சி, சிலருக்கு ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீர் ஏற்றிக் கழுவுவது ஆகியவற்றால் ஓரிரு ஆண்டில் நன்றாகக் குறையும். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் நோயாளி மனம் உடைய மாட்டார்.

அடுத்த ஐந்து ஆண்டுக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ, குறிப்பிட்ட இடைவெளியில் சிடி, முதலாம் ஆண்டு முடிவில் ஒரு கொலோனோஸ்கோபி. நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலோ, வீட்டில் நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு 46-இல் வந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் 36-இல்.